பழைய தெருவின் நினைவுகளைத் திரட்டுவது எப்படி

என் அப்பாவின் அளவு நோட்டில் ஒரு வரி இருக்கிறது: “எல்பில். காளியம்மா மகன். பள்ளிச் சிலுவார் 2. இடுப்பு 22. நீளம் 13. தீவாளிக்கு.”

எல்பில் என்பது ஊருக்கு வெளியே இருந்த ரப்பர் தோட்டம், சிலுவார் என்றால் கால்சட்டை. அப்பா தையல்காரர். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ரயிலடிக்குப் போகிற தெருவில், ஒரு மளிகைக் கடையின் அஞ்சடியில் (கடைக்கு முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதை) மிஷின் போட்டிருந்தார். கடை அவருடையது இல்லை, மிஷின் நிற்கிற இடத்துக்கு மட்டும் மாத வாடகை. நான் 1958ல் பிறந்தவள். பள்ளிக்கூடம் விட்டதும் மிஷினுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து பட்டன் தைத்தேன், வீட்டுப்பாடம் எழுதினேன், தெருவைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். இப்போது கிள்ளானில் இருக்கிறேன். மூன்று வருஷமாக அந்தத் தெருக்காரர்களைத் தேடிப் பிடித்து அவர்கள் சொல்வதை எழுதி வருகிறேன். இதுவரை 34 பேர். உங்கள் ஊர்த் தெருவுக்கும் இதைச் செய்ய ஆசைப்பட்டால், எனக்குப் பலித்த வழியைச் சொல்கிறேன்.

முதல் கேள்வி

“பழைய ஞாபகம் ஏதாவது சொல்லுங்க” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். முதல் ஆறேழு பேரிடம் நான் அப்படித்தான் கேட்டேன். எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்: “அந்தக் காலம் வேறம்மா, ஒத்துமையா இருந்தோம், கதவைப் பூட்டவே மாட்டோம்.” அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தப் பதிலை எந்த ஊர்ப் பெயரின் கீழும் எழுதி வைக்கலாம்.

அப்புறம் ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் பழைய பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தேன். பேச்சுவாக்கில், “அக்கா, கோப்பி வாங்கப் போவீங்களே, காசை எப்படிப் பிடிச்சிட்டுப் போவீங்க?” என்று கேட்டேன். அவர் கை தானாக ஒரு டின்னைத் தூக்குகிற மாதிரி வளைந்தது. “காசு பால் டின்னுக்குள்ள கிடக்கும். நடந்தா கலகலன்னு சத்தம் வரும். தவ்கே (சீனக் கடை முதலாளி) காசை எடுத்துட்டு, அதே டின்னை வெந்நீர்ல அலசிட்டுக் கோப்பி ஊத்துவாரு. மூடியை முழுசா வெட்ட மாட்டோம், பாதி வெட்டி மடக்கி, நூல் கோர்த்திருப்போம். நூலைப் பிடிச்சிட்டு வரணும், டின்னைத் தொட்டா கை சுட்டுடும்.” அதிலிருந்து பேச்சு கோப்பிக் கடை மேசைக்குப் போனது, மேசையிலிருந்து அங்கே தினமும் உட்காரும் மூன்று கிழவர்களுக்குப் போனது. சாப்பாட்டுப் பந்தி முடிகிற வரை பேசிக்கொண்டே இருந்தார்.

அதனால் கையையும் காலையும் பற்றிக் கேளுங்கள். கை எதைத் தூக்கியது? கால் எங்கே நின்றது? மழை வந்தால் எந்தக் கடைக்குள் ஓடுவீர்கள், எந்தக் கடையில் விரட்டுவார்கள்? எந்த வீட்டு நாய்க்குப் பயந்து எதிர்ப்பக்கம் நடப்பீர்கள்? கடனுக்கு அனுப்பினால் கடைக்காரரிடம் என்ன வார்த்தை சொல்லி வாங்குவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லாருமே ஒரு வாக்கியத்தை அப்படியே ஒப்பிப்பார்கள். அறுபது வருஷம் ஆனாலும் அது மறப்பதில்லை.

இதற்கெல்லாம் முன்னால், நீங்கள் யார் பிள்ளை என்று சொல்லிவிடுங்கள். “நான் அஞ்சடி டைலர் மகள்” என்று சொன்ன பிறகுதான் எனக்குக் கதவு திறந்தது.

மஞ்சோங் தாள்

புத்தகக் கடையில் மஞ்சோங் தாள் வாங்குங்கள், பெரிய தாளாக. நடுவில் இரண்டு கோடு போட்டால் அதுதான் தெரு. எல்லாரும் ஒப்புக்கொள்கிற இரண்டு இடத்தை மட்டும் நீங்கள் குறித்துக் கொடுங்கள். நான் ரயில் நிலையத்தையும் முச்சந்தியையும் குறித்தேன். மீதியெல்லாம் வெறுமையாக இருக்கட்டும். பென்சிலை அவர்கள் கையில் கொடுத்து, “ரயில்ல இருந்து இறங்கி வீட்டுக்கு நடங்க” என்று சொல்லுங்கள். கடை கடையாகப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

ஒவ்வொருவருக்கும் புதுத் தாள் கொடுப்பது முக்கியம். இன்னொருவர் போட்ட படத்தைக் காட்டிவிட்டால் அதற்குத் தலையாட்டிவிடுவார்கள், தம் கண்ணில் இருந்தது போய்விடும். அதே காரணத்துக்காகத்தான் முதலில் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்கிறேன். கூட்டமாக உட்கார வைத்தால் சத்தமாகப் பேசுகிறவர் ஞாபகம்தான் எல்லாருடைய ஞாபகமாகவும் ஆகும். தனித்தனியாக எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு நாள் சேர்த்து உட்கார வையுங்கள். அன்றைக்குச் சண்டை வரட்டும், நல்லதுதான்.

படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அப்பா மிஷினுக்கு வலதுபுறம் யார் இருந்தார் என்று கேட்டதற்குப் பத்துப் பேர் முடிவெட்டுகிறவரைப் போட்டார்கள். மூன்று பேர் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரைப் போட்டார்கள். பத்துப் பேர் சொல்வதுதானே சரியாக இருக்கும் என்று மூன்று பேரின் கடிகாரக்காரரை நான் அடித்துவிட்டேன். அது தப்பு. ஏன் தப்பு என்பது பல மாதம் கழித்துத்தான் விளங்கியது.

தெருவில் குடியிருந்தவர்கள் பாதிதான்

முதலில் நான் கேட்ட 15 பேரும் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தெருக்காரரிடம்தானே தெருவைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவர்கள் போட்டதையெல்லாம் சேர்த்து அழகாக ஒரு படம் வரைந்து, எல்பில் தோட்டத்தில் பிறந்த ஓர் அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்தினார். திரும்பவும் நகர்த்தினார்.

“தண்ணிக் குழாய் எங்கம்மா?”

எந்தக் குழாய் என்று கேட்டேன். கடை வரிசைக்குப் பக்கவாட்டில் சுவரோடு ஒரு குழாய் இருந்ததாம். சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லாரியில் நின்றுகொண்டே வருவார்கள். மண் ரோட்டுப் புழுதி தொண்டை வரை இருக்கும். கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் ஐந்து பிள்ளைகளுக்கும் காசு கொடுக்க வேண்டும். அதனால் இறங்கியதும் முதலில் அந்தக் குழாய், மூத்தவள் தன் பாவாடை நுனியை நனைத்துத் தங்கை தம்பிகள் முகத்தைத் துடைத்துவிடுவாள். அப்புறம்தான் கடைத்தெரு. வரிசை மாறவே மாறாது: முதலில் மளிகைக் கடை பாக்கி, அடுத்து அடகுக் கடை, பிறகு துணி, துணியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அப்பாவிடம் அளவு. காசு மிஞ்சினால் மிக்சர் பொட்டலம். மிஞ்சாவிட்டால் லாரி நிற்கிற இடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

“உங்களுக்கு அது தெரு. எங்களுக்கு அது மாசத்துல ஒரு நாள்” என்றார் அக்கா.

நாங்கள் 15 பேரும், என்னையும் சேர்த்தால் 16 பேர், அந்தக் குழாயைத் தினமும் தாண்டிப் போனவர்கள். ஒருவர்கூட அதைப் போடவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் இருந்தது, அதனால் அந்தக் குழாய் எங்கள் கண்ணில் படவில்லை. கடிகாரக்காரர் விஷயமும் அப்படித்தான். அவர் சம்பள வாரத்தில் மட்டும் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு வந்து முடிவெட்டும் இடத்தில் உட்காருவாராம். தோட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்தது அவரைத்தான். நான் அடித்துப் போட்ட மூன்று பேரும் தோட்டத்தில் சொந்தக்காரர் வைத்திருந்தவர்கள்.

தோட்டங்களை நம்பி இருந்த ஊரில் இதை மறக்கவே கூடாது. எங்கள் தெருக் கடைகள் பிழைத்தது எல்பில், டோவன்பி, ஹீவூட், சங்காட் சாலாக் என்று சுற்றியிருந்த தோட்டங்களின் பால்வெட்டுச் சம்பளத்தில். தெருவின் பாதி ஞாபகம் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்தான் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை (பாமாயில் மரம்) வந்த பிறகு லயத்துச் சனம் ஈப்போ, கிள்ளான், ஷா ஆலம் என்று சிதறிப்போய்விட்டது. ஆனால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பிள்ளை குட்டிகளோடு திரும்பி வருவார்கள். அன்றைக்குப் போங்கள். போனை நீட்டிக்கொண்டு நிற்காமல் பந்தியில் பரிமாறப் போங்கள். “நீங்க எந்தத் தோட்டம்?” என்று அவர்களே உங்களைக் கேட்பார்கள். நம்பர் வாங்கிக்கொண்டு, இன்னொரு நாள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். தமிழ்ப்பள்ளி பழைய மாணவர் சந்திப்பும் நல்ல இடம். தோட்டம் கைமாறினாலும் பள்ளிகள் பல அந்தத் தோட்டப் பெயரைத் தாங்கித்தான் நிற்கின்றன.

தமிழர்களோடு நிறுத்திவிடாதீர்கள். கோப்பிக் கடைத் தவ்கேயின் மகளை நான் பினாங்கில் பார்த்தேன். பசியாற வருகிற தோட்டத்துக்காரர்களுக்குக் கணக்குச் சொல்லிச் சொல்லியே தமிழில் நூறு வரை எண்ணப் பழகியவர். எங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

வருஷத்தைப் பிடிப்பது

“எந்த வருஷம்?” என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஒரு முளைக்குச்சி அடித்து அதில் கட்ட வேண்டும். நான் பயன்படுத்துகிற குச்சிகள் இவை.

கப்பல். யாராவது தமிழ்நாட்டுக்குப் போன கதை வந்தால், “ரஜுலாவுல போனாங்களா, சிதம்பரத்துல போனாங்களா?” என்று கேளுங்கள். ரஜுலா 1973 வரை ஓடியது. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்த பிறகு நின்றுபோனது. வருஷம் தெரியாதவருக்கும் கப்பல் பெயர் தெரியும். மே 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமாகி, ஒரு கூட்டமே திரும்பிப் போனது. “பக்கத்து வீட்டுக்காரங்க திடீர்னு போயிட்டாங்க” என்ற பேச்சு வந்தால் அந்தக் காலமா என்று பாருங்கள்.

டிவி. தீபகற்பத்தில் கறுப்பு வெள்ளை 1963 கடைசியில் வந்தது, வண்ணம் 1978 கடைசியில். யார் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தீர்கள், கலரா கறுப்பு வெள்ளையா என்று கேட்டால் போதும்.

கடிகாரம். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் நேரத்தை அரைமணி முன்னால் தள்ளினார்கள். காலை பஸ் இருட்டில் வந்ததா, வெளிச்சத்திலா என்று இரண்டு பேர் சண்டை போட்டால், ஒருவர் 82க்கு முன்னால் போனவர், மற்றவர் பின்னால் போனவர் என்று புரிந்துகொள்ளலாம்.

எடை. கட்டிக் கணக்கில் வாங்கினார்களா, கிலோவிலா? ஒரு கட்டி என்பது 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல். விலையை எழுதும்போது எந்த எடைக்கு என்று சேர்த்தே எழுதுங்கள், இல்லாவிட்டால் பின்னால் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது.

சாலை. 1987ல் ஈப்போ, சங்காட் ஜெரிங் இடையே நெடுஞ்சாலை திறந்த பிறகு வடக்கே போகிற வண்டிகள் எங்கள் ஊருக்குள் வருவது குறைந்தது. “ராத்திரியெல்லாம் லாரிச் சத்தம்” என்று ஒருவர் சொன்னால் அது அதற்கு முந்திய தெரு.

சினிமாவை மட்டும் நம்பாதீர்கள். படம் மதராஸில் வெளியான வருஷத்தை அப்படியே எடுக்க முடியாது. பெட்டி ஊர் ஊராகச் சுற்றித்தான் எங்களிடம் வந்து சேரும்.

பழைய பத்திரிகையில் சரிபார்க்க நினைத்தால் சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய இதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது, மலாயாச் செய்தியும் அதில் நிறைய உண்டு. ஆங்கிலத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘சுங்கை’ என்பதை அப்போது ‘சுங்கெய்’ என்று வாசிக்கும்படியான எழுத்தில் அச்சடித்தார்கள். இன்றைய எழுத்தில் மட்டும் தேடினால் முக்கால்வாசி தப்பிப் போகும்.

கண், காது

எங்கள் ஊரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் முதலில் வருவது 1948 ஜூன் 16. எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதோடு கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை 31 வரை இருந்தது. இதைச் சொல்கிறவர் 1955ல் பிறந்தவராக இருப்பார். ஆனால் ஜீப் வந்து நின்றதை நேரில் பார்த்த மாதிரியே சொல்வார். அவரை மறிக்க வேண்டாம். நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘கா’ என்று எழுதுங்கள், காதால் கேட்டது. அவரே கண்ணால் கண்டதற்குக் ‘க’ போடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது எந்தப் பக்கத்தில் எது அதிகம் என்று தெரியும்.

‘கா’வும் வேண்டியதுதான். ஆனால் ‘க’வுக்குத்தான் நீங்கள் போயிருக்கிறீர்கள். எண்பது தாண்டிய ஒரு பாட்டியிடம் துரைமார் கதையை விட்டுவிட்டு, அந்தக் காலத்தில் கடையில் டின் சாமான் வாங்கியது எப்படி என்று கேட்டேன். “குத்தித்தான் குடுப்பாங்க” என்றார். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்பதற்காக, டின்னை வாங்குகிறவர் முன்னாலேயே துளை போட வேண்டும் என்று சட்டம் இருந்தது. துளை போட்டால் வைத்துக்கொள்ள முடியாது, அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். வீட்டுக்கு வருகிற வழியில் அந்தத் துளையில் வாய் வைத்துப் பாலை உறிஞ்சி அடி வாங்கியதைப் பாட்டி சொன்னார். அது ‘க’.

மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்பதால் அவர் பேச்சும் தவறாமல் வரும். அங்கேயும் பொருளைக் கேளுங்கள். தோட்டத் தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக 1960ல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது பத்து வெள்ளி பத்து வெள்ளியாக (மலாயா டாலர்) கட்டியவர்கள் வீட்டில் அந்தக் காகிதம் இன்னும் இருக்கும். அலமாரியிலிருந்து அது வெளியே வரும்போது யார் பேரில் கட்டினார்கள், அந்த மாதம் எதை வாங்காமல் விட்டார்கள் என்பதும் கூடவே வரும்.

பதிவு

இதில் சொல்ல அதிகமில்லை. போனே போதும். மடித்த துண்டின் மேல் வையுங்கள், சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். ஆரம்பத்தில் தேதி, இடம், பேர் மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அன்று ராத்திரியே இன்னும் இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். ரிப்பேருக்குக் கொடுத்த கடையில் என் போனை முழுக்கத் துடைத்துவிட்டார்கள், 11 பேரின் குரல் போனது. அதில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் சொன்னதை ஞாபகத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் அது என் வார்த்தையாகிவிட்டது.

பழைய போட்டோவை ஒட்டு ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள், ஆல்பத்தோடே படம் பிடியுங்கள். பின்சுவரில் நாள்காட்டி மாட்டியிருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள், வருஷம் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். சில இடத்தில் பேச்சு நின்றுபோகும். கள்ளுக்கடையிலிருந்து வந்த அப்பா, ஓடிப்போன அக்கா, கடனுக்காகக் கழற்றிய தாலி. அப்போது பதிவை நிறுத்திவிடுங்கள், நிறுத்தியதை அவருக்குக் காட்டுங்கள். சொல்ல நினைத்தால் சொல்வார். எழுதியதை யாருக்கும் காட்டுவதற்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டி, “இது இருக்கலாமா?” என்று வரி வரியாகக் கேளுங்கள். பட்டப்பெயர்களையும் அப்படியே. தெருவில் ஒருவருக்குக் கேலியாக வைத்த பேர், இன்றைக்கு அவர் பேரப்பிள்ளை வாசிக்கிற பேர்.

சின்ன நோட்டுகள்

வீட்டுக்கு வீடு கேட்டுப் பாருங்கள்: பாக்கி எழுதிய 555 புத்தகம், ரேஷன் அட்டை, கல்யாண மொய் நோட்டு, பழைய பத்துமலைப் பயணத்தின் பஸ் கணக்கு. மொய் நோட்டு மாதிரி ஒரு தெருவின் பேர்ப் பட்டியல் வேறெங்கும் கிடைக்காது. எங்கள் வீட்டில் கிடைத்தது அப்பாவின் அளவு நோட்டு. நீலக் கோடு போட்ட கணக்கு நோட்டு, விளிம்பில் எண்ணெய்க் கறை. அப்பா பேரை எழுத மாட்டார், யார் பிள்ளை என்றும் எந்தத் தோட்டம் என்றும்தான் எழுதுவார். “காளியம்மா மகன்” நான்கு இடத்தில் வருகிறான். இடுப்பு 22, அடுத்து 22½, அடுத்து 24. நான்காவதில் நீளச் சிலுவார் 1. அதற்குப் பிறகு இல்லை.

குழாயைக் காட்டிய எல்பில் அக்காவுக்கு அந்தக் காளியம்மா மகனைத் தெரிந்திருந்தது. ஷா ஆலமில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். போன் போட்டு, நான் அஞ்சடி டைலர் மகள் என்று சொல்லி, அவருடைய அளவை வாசித்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“நீளம் பதிமூணுன்னு இருக்கா? தைக்கிறப்ப உங்க அப்பா அதுக்கு மேல ரெண்டு இஞ்சி உள்ள மடிச்சு வச்சுத் தைப்பாரும்மா. ‘வளர்ற பய’ன்னு எங்க அம்மா சொல்லியிருப்பாங்க. வருஷத்துக்கு ஒரு தரம் அம்மா மடிப்பைப் பிரிச்சு விடுவாங்க. சிலுவார் வெளுத்துப் போயிருக்கும், பிரிச்ச இடம் மட்டும் புது நீலமா இருக்கும். பழைய மடிப்பு இருந்த இடத்துல ஒரு வெள்ளைக் கோடு. யார் சிலுவார்ல எத்தனை கோடுன்னு ஸ்கூல்ல எண்ணுவோம். எனக்கு ரெண்டு கோடு இருந்திச்சு.”

நான் மிஷின் பக்கத்தில் வளர்ந்தவள். அப்பா அந்த இரண்டு இஞ்சியை மடிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது பிறகு கோடாக ஆகும் என்பதைப் பார்த்தது அவர்கள்தான்.

நோட்டில் இன்னும் 61 பேர் யாரென்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எல்லாப் பக்கத்தையும் பெரிய எழுத்தில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் தோட்டத்துக் கோயில் திருவிழா. பந்தி முடிந்ததும் அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, நான்கு மூலையிலும் தண்ணீர் டம்ளர் வைத்துவிட்டு, ஓரமாகப் போய் நிற்கப் போகிறேன்.